பாளை மார்க்கெட் பக்கத்து ஆன்லைன் சென்டர்: அக்காவோட நீள நோட்டுக்கே அஞ்சு ஸ்டார்

மக்களே, திருநெல்வேலி, பாளையங்கோட்டை சுத்துப்பட்டுல சர்டிபிகேட்டுக்கும் பட்டாவுக்கும் பென்சனுக்கும் அலையிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். பாளை மார்க்கெட்ல இருந்து அஞ்சு நிமிச நடையில ஒரு சின்ன ஆன்லைன் சென்டர் இருக்கு, ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிசின், ஒரு லேமினேசன் மிசின், நாலு பிளாஸ்டிக் சேர், அவ்வளவுதான் கடை. நடத்துறது ஒரு அக்கா. கடை பேரு போடலாமான்னு கேட்டேன், "வேண்டாம் தம்பி, இப்பவே கூட்டம் தாங்கல, தேடி வாரவிய வரட்டும்"னு சொல்லிட்டாவ, அதனால போடல. அந்தப் பக்கம் யார்ட்டயாவது "நோட்டு எழுதுத அக்கா கடை எங்கன இருக்கு"ன்னு கேட்டா கை காட்டிருவாங்க.

போன ஐப்பசில எங்க அப்பா தவறிட்டாங்க. இறப்பு சான்றிதழ் கைக்கு வந்த பொறவுதான் தெரிஞ்சுது, ஒரு மனுசன் போயிட்டான்ங்கிறத எத்தன எடத்துல போயி சொல்லணும்னு. ரேசன் கார்டுல பேர எடுக்கணும், பேங்க்ல சொல்லணும், கரண்ட் கனெக்சன் பேர மாத்தணும், வீட்டுத் தீர்வை, கேஸ் புக்கு, இன்சூரன்ஸ், அம்மாவுக்கு குடும்ப பென்சன், சேரன்மகாதேவி பக்கம் இருக்க அரை ஏக்கர் வயலுக்கு பட்டா. எட்டு எடம். எட்டு எடத்துலயும் அதே ஜெராக்ஸ், அதே கேள்வி, எப்ப இறந்தாவ, எப்படி இறந்தாவ. மூணாவது எடத்துல பதில் சொல்ல முடியாம அம்மா சேலைத் தலப்ப வாயில வச்சிக்கிட்டு வெளிய போயி நின்னுட்டாங்க.

இதுல வாரிசு சான்றிதழுக்கு மொதல்ல வேற ஒரு சென்டர்லதான் போட்டோம், ரெண்டு தடவ திரும்பி வந்துருச்சு. அம்மா பேருல இசக்கி வரும். நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு இசக்கி உண்டு, ஆனா இங்கிலீஸ்ல எழுதும்போது ஆதார்ல 'ஈ'ல ஆரம்பிக்குது, ரேசன் கார்டுல 'ஐ'ல ஆரம்பிக்குது, பேங்க் புக்ல ஒரு 'கே' கொறையுது. ஒவ்வொண்ணும் எவனோ ஒருத்தன் எப்பவோ அவசரத்துல தட்டினது, அறுபத்திரெண்டு வயசு பொம்பள அதுக்கு பதில் சொல்லணும். மூணாவது தடவ பக்கத்து வீட்டு மைனி சொல்லித்தான் இந்த அக்கா கடைக்குப் போனோம்.

போனதும் அவிய பேப்பர வாங்கல, மொதல்ல அம்மாவ உக்காரச் சொன்னாவ, தண்ணி குடுத்தாவ. பொறவு எல்லா பேப்பரையும் மேசைல வரிசையா பரப்பி வச்சு ஒவ்வொரு பேரையும் எழுத்து எழுத்தா சத்தமா வாசிச்சாவ, அம்மா கேட்டுக்கிட்டே "ஆமா தாயி, ஆமா தாயி"ன்னு தலையாட்ட, நாப்பது நிமிசம் போச்சு, சப்மிட் பட்டன் பக்கமே கை போகல. அந்த நாப்பது நிமிசத்துல நாங்க யாருமே பாக்காத இன்னொரு தப்பும் அம்புட்டுச்சு, அப்பாவோட இனிசியல் ஒரு எடத்துல முன்னாடி இருக்கு ஒரு எடத்துல பின்னாடி இருக்கு. எது எதுக்கு என்ன ஆதாரம் சேக்கணும், எத மொதல்ல திருத்தணும், எத இப்ப தொடவே வேண்டாம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாவ. மூணு வாரத்துல சான்றிதழ் வந்துருச்சு.

ஆனா நான் இவ்வளவு நீளமா எழுதுறது அதுக்காக இல்ல. எங்க வேலை முடிஞ்ச ஒடனே அக்கா ஒரு நீள நோட்ட எடுத்து, கடைல கணக்கு எழுதுவாங்கள்ல அந்த மாதிரி கோடு போட்ட நோட்டு, தேதி போட்டு நாலு வரி எழுதுனாவ. என்னக்கா எழுதுறீங்கன்னு கேட்டேன். "எங்கன முட்டுச்சுன்னு எழுதுதேன் தம்பி"ன்னாவ. எந்த அப்ளிகேசன், எந்தப் பக்கம், என்ன கேட்டுச்சு, வந்தவிய என்ன புரிஞ்சுக்கிட்டாவ, எத்தன தடவ நடந்தாவ. ஆறு வருசமா எழுதுறாவளாம். மூணாவது நோட்டு ஓடுது. பேரு எழுத மாட்டாவ, ஆதார் நம்பர் எழுத மாட்டாவ, "வயசான ஆச்சி, பேட்டை, முதியோர் பென்சன், ஓடிபி மகன் போனுக்குப் போகுது, மகன் திருப்பூர்ல சிப்ட்ல இருக்கான்" இப்படித்தான் இருக்கும்.

அந்த நோட்ட புரட்டும்போது எனக்கு கை நடுங்கிருச்சு, பொய் சொல்லல. ஏன்னா நான் பின்லாந்துல ரெண்டு வருசம் இதத்தான் படிச்சேன். ஆல்டோ பல்கலைக்கழகத்துல 'டிசைன் ஃபார் கவர்மென்ட்'னு ஒரு பாடமே இருக்கு, அமைச்சகங்க தங்களோட நெசமான பிரச்சினைய கொண்டாந்து மாணவங்ககிட்ட குடுக்கும், மாணவங்க மக்கள்கிட்ட போயி உக்காந்து எங்க முட்டுதுன்னு பாத்து எழுதணும், அத வச்சு விதிய எப்படி மாத்தலாம்னு சொல்லணும். அதுக்கு எங்களுக்கு பேராசிரியருங்க, பெரிய பெரிய வெள்ளப் போர்டு, கலர் கலரா ஒட்டுற தாளு எல்லாம் இருந்துச்சு. இங்க ஒரு நீள நோட்டும் நீலப் பேனாவும். வேலை ஒண்ணுதான்.

டிசைன்னா நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிக்கை டிசைன், பிளெக்ஸ் டிசைன்னு நெனச்சுக்கிடுவாங்க. ஐரோப்பால அரசாங்கத்துக்குள்ள டிசைன் வந்தது அழகு பண்றதுக்கு இல்ல. டென்மார்க்ல 2002லயே மைண்ட்லேப்னு ஒரு டிசைன் குழுவ அரசாங்கத்துக்குள்ளேயே வச்சாங்க, வேலை எடத்துல அடிபட்டு இழப்பீட்டுக்கு அலையிறவங்களோட பேசி, அவங்க பேசுறத வீடியோவா எடுத்து, அந்த இழப்பீட்டு பைல பாக்குற அதிகாரிகளுக்கே போட்டுக் காட்டுனாங்க. தன் பைலுக்குப் பின்னால இருக்க மனுசன் மொகத்த அவங்க அன்னைக்குத்தான் பாக்குறாங்க. அங்கருந்து நடைமுறைய மாத்துற பேச்சு ஆரம்பிச்சுது. அந்த மைண்ட்லேப்ப 2018ல மூடிட்டாங்க, எனக்கு அதுல இன்னைக்கும் வருத்தம் உண்டு, ஆனா அதுக்குள்ள மத்த நாடுங்க அதப் பாத்து கத்துக்கிட்டுச்சு. பிரிட்டன்ல 2011ல டிஜிட்டல் சர்வீஸ்னு ஒரு தனிப் பிரிவு, 2012ல நூத்துக்கணக்கான அரசாங்க வெப்சைட்ட ஒண்ணா கொண்டு வந்தாங்க, அவங்க எழுதி வச்ச கொள்கைல மொத வரியே மக்களோட தேவைல இருந்து ஆரம்பின்னுதான். டீம்ல இருக்க எல்லாரும், கம்ப்யூட்டர் கோடிங் எழுதுறவனும் சரி மேலாளரும் சரி, ஆறு வாரத்துக்கு ரெண்டு மணி நேரமாவது மக்கள் அந்த பாரத்தோட மல்லுக்கட்டுறத நேர்ல பாக்கணும்னு ஒரு பழக்கமே வச்சிருந்தாங்க. நான் நெனச்சுப் பாக்குறேன், ஆறு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் நம்ம அக்கா கடைல அந்த நாலாவது சேர்ல ஒரு அதிகாரி சும்மா உக்காந்தா போதும், வேற எந்த ஆய்வும் வேண்டாம்.

அதே பிரிட்டன்ல ஒருத்தர் இறந்துட்டா, இறப்ப பதிவு பண்ணும்போதே ஒரு தடவ சொன்னா போதும்னு ஒரு சேவை இருக்கு, பேரே 'டெல் அஸ் ஒன்ஸ்'. எங்ககிட்ட ஒருக்கா சொல்லுங்கன்னு அர்த்தம். வரி ஆபீசு, பென்சன் ஆபீசு, பாஸ்போர்ட், டிரைவிங் லைசன்ஸ், உள்ளூர் கவுன்சில் எல்லாத்துக்கும் அதுவே சொல்லிரும். இத படிக்கிற காலத்துல பாடமா படிச்சேன், பரிச்சை எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். அம்மா சேலைத் தலப்ப வாயில வச்சிக்கிட்டு நின்ன அன்னைக்குத்தான் எனக்கு அதோட அர்த்தம் புரிஞ்சுது. அக்காகிட்ட இத சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பொறவு நோட்டுல பின்பக்கம் திருப்பி "சாவு வீடு: எட்டு எடம், ஒரு தடவையா ஆக்கணும்"னு எழுதிக்கிட்டாவ.

எஸ்டோனியா இன்னும் ஒரு படி மேல. மக்கள்கிட்ட ஒருக்கா வாங்கின விவரத்த அரசாங்கம் திரும்பக் கேக்கக் கூடாதுங்கிறது அங்க அடிப்படை, 2001ல இருந்து எக்ஸ்-ரோட்னு ஒரு ஏற்பாடு மூலமா துறைங்க தங்களுக்குள்ள கேட்டு வாங்கிக்கிடும். ஐரோப்பிய யூனியன் 2018ல ஒரு சட்டம் போட்டு 21 வகையான வேலைய யூனியனுக்குள்ள எந்த நாட்டுக்காரனும் ஆன்லைன்லேயே முடிக்கிற மாதிரி 2023 டிசம்பருக்குள்ள பண்ணணும்னு சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி 2012லயே டிசைன் ஆளுங்க ஒரு குழுவா சேந்து யூனியனுக்கு 21 பரிந்துரை குடுத்திருந்தாங்க, அரசாங்க வேலைலயும் டிசைன் வேணும்ங்கிறதும் அதுல உண்டு. இதெல்லாம் பேப்பர்ல இருக்கறதுக்கும் நடக்கறதுக்கும் அங்கயும் தூரம் இருக்கு, மறைக்க வேண்டியதில்ல.

சரி, கடைக்கு வாறேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த அரைத்தாள் சீட்டு. ஒவ்வொரு சான்றிதழுக்கும் என்னென்ன கொண்டு வரணும்னு பெரிய எழுத்துல தமிழ்ல அடிச்சு வச்சிருக்காவ, எழுத்து தெரியாதவங்களுக்கு ரேசன் கார்டு படம், போட்டோ படம், போன் படம். இந்தச் சீட்ட இதுவரை ஏழு தடவ மாத்தியிருக்காவளாம். மொத சீட்டுல "அசல் கொண்டு வரவும்"னு போட்டிருந்தாவ. ஒரு பாட்டி மறுநாள் முந்தானைல முடிஞ்சு ரெண்டாயிரம் ரூவா கொண்டாந்துட்டாங்க, அவங்களுக்கு அசல்னா வட்டிக்கு வாங்குன காசோட அசல், வட்டியத்தானே கேக்கல அசலக் கேக்காவன்னு கடன் வாங்கிக்கிட்டு வந்திருக்காங்க. அக்காவுக்கு அன்னைக்கு சோறு எறங்கலையாம். அன்னைக்கு ராத்திரியே சீட்ட மாத்தி "ஒரிஜினல், ஜெராக்ஸ் கெடையாது"ன்னு அடிச்சாவ. அப்பவும் சிலபேரு ஜெராக்ஸ் வேண்டாம்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு அத வீட்டுல போட்டுட்டு வந்தாங்க, மறுபடி மாத்துனாவ. இப்ப இருக்க சீட்டுல ஒரு பேப்பர் படம், பக்கத்துல அதே பேப்பர் கருப்பு வெள்ளைல, ரெண்டும் வேணும்னு ரெண்டு டிக். யாரும் தப்பா கொண்டு வாரதில்லையாம்.

அரசாங்க பாரத்துல இந்த மாதிரி ஒரு வார்த்தை எத்தன வருசம் மாறாம கெடக்கு, அந்த வார்த்தையால எத்தன பேரு வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்திருப்பாங்கன்னு யோசிச்சா மனசு ஆறல. மாத்திப் பாக்கறதுல ஒண்ணும் கேவலம் இல்ல. பின்லாந்துல 2017, 2018 ரெண்டு வருசம் வேலை இல்லாத 2,000 பேருக்கு மாசம் 560 யூரோ எந்த நிபந்தனையும் இல்லாம குடுத்துப் பாத்தாங்க, வேலை கெடச்சாலும் காசு நிக்காது. அதுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க, முடிவையும் வெளிப்படையா சொன்னாங்க, வேலைக்குப் போறதுல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா மனசும் ஒடம்பும் நல்லா இருந்துச்சுன்னாங்க. திட்டம் தொடரல. தொடராட்டாலும், நாடு முழுக்க ஒரேடியா போட்டு பொறவு முழிக்காம சின்னதா பாத்துட்டு மாத்துவோம்ங்கிற புத்தி இருக்குல்ல, அக்கா சீட்ட ஏழு தடவ மாத்துனதும் அதே புத்திதான். அவிய யார்ட்டயும் படிக்கல, அந்தப் பாட்டி முந்தானைல இருந்து படிச்சாவ.

வெள்ளத்தப் பத்தியும் சொல்லணும். 2023 டிசம்பர் 17, 18 நமக்கு மறக்குமா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, இங்க தாமிரபரணி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசையே சூந்து நின்னுச்சு. அப்ப அக்கா கடை ஆத்தங்கரைப் பக்கம் தாழ்வான எடத்துல இருந்துச்சாம், இடுப்பளவு தண்ணி, ஒரு கம்ப்யூட்டர் போச்சு. மொத நோட்டு தண்ணிக்குள்ள. அத பிரிச்சு ஒவ்வொரு தாளா கொடில கிளிப்பு போட்டு காயவச்சு அயர்ன் பண்ணி திரும்பத் தச்சு வச்சிருக்காவ, பேனா மை பரவி நீலமா இருக்கு, ஆனா வாசிக்கலாம். அந்த நாள்ல ஊறிப்போன பத்திரமும் டிசியும் அள்ளிக்கிட்டு ஜனம் வந்துச்சு, அரசாங்கம் முகாம் போட்டு நகல் குடுத்துச்சு, அதுக்கு நாம நன்றி சொல்லணும், நெசமாவே நல்ல காரியம். அக்கா அந்தப் பக்கத்துல ஒரு வரி எழுதி வச்சிருக்காவ: "வெள்ளம் வந்தா விதி வளையுது. ஒரு வீட்டுல மட்டும் இடி விழுந்தா அந்த வீட்டுக்கு ஏன் வளைய மாட்டேங்குது." நான் ரெண்டு வருசம் படிச்சதுல இவ்வளவு தெளிவா யாரும் சொல்லிக் கேக்கல.

வளையாத விதி என்ன பண்ணும்னு நெதர்லாந்து பாத்துச்சு. கொழந்தைய பாத்துக்கிடுறதுக்கு அரசாங்கம் குடுத்த உதவித்தொகைல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, ஒரு சின்னத் தொகை கட்டலைன்னு ஆயிரக்கணக்கான குடும்பத்த மோசடிக்காரங்கன்னு சொல்லி, வாங்குன மொத்தத்தையும் திருப்பிக் கட்டச் சொன்னாங்க, சில வீட்டுக்கு பத்தாயிரக்கணக்குல யூரோ. வீடு போச்சு, கல்யாணம் முறிஞ்சுது. கடைசில 2021 ஜனவரில அந்த அரசாங்கமே ராஜினாமா பண்ணுச்சு. பணக்கார நாடு, படிச்ச நாடு, கம்ப்யூட்டர் எல்லாம் பிரமாதமா இருக்க நாடு. கீழ இருந்து "இங்கன முட்டுது"ன்னு வந்த சத்தம் மேல விதி எழுதுற மேசை வரைக்கும் போகல. பிரிட்டனும் ஆன்லைன்ல ஆள் அடையாளம் காட்டுறதுக்கு வெரிபைன்னு ஒண்ணு 2016ல கொண்டாந்து, 2020க்குள்ள 2.5 கோடி பேரு சேருவாங்கன்னு கணக்கு போட்டு, 2019 பிப்ரவரில 36 லட்சம் பேருதான் சேந்திருந்தாங்க, 2023ல மூடிட்டாங்க. அதனால அங்க எல்லாம் சொர்க்கம்னு நான் சொல்ல வரல. அங்க நடந்த தப்ப எழுதி வைக்காங்க, நாலு பேரு வாசிக்கிற மாதிரி வெளிய போடுறாங்க, அதுதான் எனக்கு வேணும்.

பின்லாந்துல இருந்தப்ப ஒண்ணு நடந்துச்சு. அங்க பாரத்துல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம், காலியா விட முடியாது, அப்பா பேரப் போட்டேன். அதனால ஆஸ்பத்திரில இருந்து பேங்க் வரைக்கும் என்னைய அப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. ஒரு கட்டத்துக்குள்ள நம்ம ஊரு பேரு அடங்காதுங்கிறது அங்கயும் யாரும் யோசிக்கல. அக்காகிட்ட சொன்னப்ப "பொறவென்ன தம்பி, அப்பா கூடவே இருந்திருக்காவ"ன்னாவ. எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

இனி கடை விவரம். காலைல ஒம்பதரைக்கு தொறப்பாவ, ராத்திரி எட்டரை வரைக்கும், ஞாயிறு லீவு. ராத்திரி எட்டரை வரைக்கும் வைக்கிறதுக்கு காரணம் இருக்கு, பாதிப் பேருக்கு ஓடிபி போற போனு துபாய்லயோ திருப்பூர்லயோ இருக்க மகன்கிட்ட இருக்கும், சிப்ட் முடிஞ்சாத்தான் எடுப்பான், அதுக்காக அந்த ஆளுங்கள சாயந்தரம் வரச் சொல்லி, முன்கூட்டியே அந்த மகனுக்கு போன் போட்டு "ஏழரைக்கு ஒரு நம்பர் வரும்ப்பா, ஒடனே அம்மாகிட்ட சொல்லு"ன்னு சொல்லி வச்சிருவாவ. அரசாங்கக் கட்டணம் எவ்வளவு, அக்கா கூலி எவ்வளவுன்னு செவத்துல தனித்தனியா எழுதிப் போட்டிருக்கு, அதுக்கு மேல ஒரு ரூவா வாங்கல. அப்ளிகேசன் திரும்பி வந்தா ரெண்டாவது தடவ போடுறதுக்கு அவிய கூலி கெடையாது, இது எனக்குத் தெரிஞ்சு வேற எங்கயும் இல்ல. வேலை முடிஞ்சதும் நம்ம பேப்பர ஸ்கேன் பண்ணின பைல நம்ம முன்னாடியே அழிச்சிருவாவ, வேணும்னா மட்டும் பென்டிரைவ்ல போட்டுக் குடுப்பாவ.

கொறையும் சொல்லிருதேன். வாசப்படி ரொம்ப ஒசரம், முட்டிவலி உள்ளவங்க ஏற முடியாது, அம்மாவ நான் கையப் பிடிச்சுத்தான் ஏத்துனேன். கைப்பிடி ஒண்ணு வைங்கன்னு சொன்னேன், அடுத்த வாரம் போகும்போது கதவோரம் கம்பி அடிச்சிருந்தாவ, ஆனா படி அப்படியேதான் இருக்கு, வீட்டுக்காரர் ஒத்துக்கிடணுமாம். வெசாழக்கெழம சாயந்தரம் கூட்டம் சாஸ்தி, ரெண்டு மணி நேரம் ஆகும். ஒரே ஆளா இருக்கறதால அவசர வேலைக்கு சரிப்படாது, நாளைக்கு கடைசி தேதின்னு ஓடுறவங்க வேற எடம் பாருங்க, அக்கா அவசரப்பட மாட்டாவ. வண்டி நிப்பாட்ட எடம் இல்ல, மார்க்கெட் பக்கமே விட்டுட்டு நடந்து போயிருங்க.

இப்ப ரெண்டு வாரமா ராத்திரி உக்காந்து நான் அந்த மூணு நோட்டையும் டைப் அடிச்சுக்கிட்டு இருக்கேன். எந்த அப்ளிகேசன்ல எந்தப் பக்கத்துல எத்தன பேரு முட்டுனாங்கன்னு வகைவகையா பிரிச்சாச்சு, அக்கா பக்கத்துல இருந்து "இது அதுல சேராது தம்பி, இது வேற"ன்னு திருத்துவாவ. பேரு எழுத்து மாறுறதும் ஓடிபி வேற ஊருக்குப் போறதும்தான் எல்லாத்துலயும் அதிகம். அது கூட அவிய அரைத்தாள் சீட்டு ஏழையும் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் வரிசையா வச்சு ஒரு பைலா போட்டிருக்கோம். வார திங்கக்கெழம கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுல மக்கள் குறைதீர்க்கும் நாள்ல மனுவோட அதக் குடுக்கப் போறோம், அக்காவும் வாராவ. அதனால அன்னைக்கு காலைல கடை பூட்டியிருக்கும், யாரும் வெயில்ல வந்து நிக்காதீங்க, ரெண்டு மணிக்கு மேல போங்க.